தானாகச் சரியானது

தேதி போட முடியாத எதையும் எழுதி வைப்பதில்லை என்பது என் பழக்கம். இவர் விஷயத்தில் அதைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. அவருடைய பிறந்த தேதி அவருக்கே தெரியாது. பட்டாளத்தில் சேர்ந்தபோது அங்கிருந்த குமாஸ்தா தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டானாம். "அவன் போட்டது ராசியான தேதியாக்கும். குண்டு ஒண்ணும் மேல படல்லியே" என்பார்.

ஊர் அவரைப் பட்டாளத்தார் என்று அழைத்தது. பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகும் சாலையில், எங்கள் வீட்டுக்கு நான்கு புரையிடம், அதாவது நான்கு வீட்டுத் தோட்டம் தள்ளி அவர் வீடு. தென்னையும் நல்லமிளகும் இருந்ததால் சோற்றுக்குக் கவலை இல்லை. யுத்த காலத்தில் செய்திப் பிரிவில் கம்பியில்லாத் தந்தி இயந்திரங்களோடு பழகியவர். திரும்பி வரும்போது ஒரு தகரப் பெட்டி நிறைய பழைய வால்வுகளைக் கொண்டுவந்தார். பார்ப்பதற்குச் சிறிய கண்ணாடிக் குப்பிகள். உள்ளே கம்பி சிவந்து எரிய ஆரம்பித்தால் எறும்பு பேசினாலும் ஊர் கேட்கும் என்று சொல்லிக்கொள்வார். அடக்கமான ஆளில்லை.

அந்த வால்வுகளை வைத்து அவரே மைக் செட்டுகள் கட்டினார். பிஸ்கட் டப்பாவின் தகரத்தை வெட்டி அடித்தட்டு. டிரான்ஸ்பார்மரின் கம்பியையும் அவரே சுற்றுவார். சுற்றும்போது எண்ணிக்கை தவறக்கூடாது என்பதற்காக உரக்க எண்ணுவார். அந்த நேரத்தில் யாராவது போய், "வெத்தில இருக்கா?" என்று கேட்டால் அடுத்த எண்ணை அவர்கள் முகத்துக்கு நேரே கத்துவார். கேட்டவர் போய்விடுவார். பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை கோயில் கொடையானாலும் சர்ச் பெருநாளானாலும் தென்னையில் கட்டிய குழாயில் வருவது பெரும்பாலும் அவர் கட்டிய செட்டின் சத்தம்தான்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று. தானாகச் சரியான எதையும் அவர் நம்பமாட்டார்.

ஒரு பெருநாள் சமயத்தில் சர்ச்சுக்குக் கட்டிக்கொடுத்த செட்டு பிரசங்கத்தின் நடுவே கரகரத்து நின்றுவிட்டது. உபதேசியார் அதைத் தலைச்சுமையாக அவர் வீட்டுக்கு அனுப்பினார். பெஞ்சில் வைத்துப் பாட்டரியை இணைத்ததும் மணியாகப் பாடியது. மறுநாள் உபதேசியாரே வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"பாடுதே, பின்னே தாரும். நாளைக்குக் குருசடியில செபம் உண்டு."

"பாடுது. அது எனக்கும் கேக்குது. நேத்து ஏன் பாடல்லண்ணு அது சொல்லட்டு, பின்ன தாறேன்."

"ஓய், நல்லா இருக்கப்பட்ட சாமானை வச்சிக்கிட்டு என்னவாக்கும் செய்யப் போறீரு?"

"கெடுக்கப் போறேன்."

கெடுக்கத்தான் செய்தார். பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு வால்வையும் தட்டினார். ராந்தல் விளக்கைப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கினார். ஈரத்துணியால் மூடிப் பார்த்தார். ஒன்றுக்கும் அது மசியவில்லை. கடைசியில் செட்டை மாட்டுவண்டியில் ஏற்றி, பாட்டரியையும் கிராமபோனையும் கூட ஏற்றி, பாடவிட்டபடியே குண்டும் குழியுமான காரக்கோணம் சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். மக்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். ஓடைப் பாலத்தைத் தாண்டும் இடத்தில் வண்டி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. பாட்டு கரகரத்து நின்றது. பட்டாளத்தார் வண்டியிலிருந்து குதித்து, பிள்ளை பிறந்ததுபோல் சிரித்தார். ஒரு வால்வின் காலில் ஈயப்பற்று விட்டிருந்தது. சூடு ஏறிய நிலையில் குலுக்கினால் மட்டும் பிரியும், அல்லாதபோது ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கேயே ஓலையைக் கொளுத்திப் பற்றுக்கோலைக் காயவைத்துச் சரிசெய்தார்.

"இப்பம் கொண்டுபோங்க. இனி உங்க செபத்துக்குப் பழுது வராது."

இந்தக் குணம் பெஞ்சோடு நின்றிருந்தால் ஊருக்கு நல்லது. நிற்கவில்லை. அவர் மனைவி ஒருமுறை எங்கள் அம்மாவிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார். ஏதோ மனத்தாங்கல், இரண்டுபேரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மாவே மனம் இளகி, மீன்கறி வைத்து, "சாப்பிட வாருங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். பட்டாளத்தார் இலையில் உட்கார்ந்துகொண்டு, "எதுக்காக்கும் பேசாம இருந்த?" என்று கேட்டிருக்கிறார். "அது போச்சு, விடுங்க." "எங்க போச்சு?" அவ்வளவுதான், பழைய சண்டை முழுவதும் திரும்பி வந்து மீன்கறி ஆறிப்போயிற்று. "அக்கா, இந்த மனுசனுக்குச் சமாதானம்ணு சொன்னாலே சந்தேகமாக்கும்" என்றார் அவர். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் அதிக நாள் நீடிக்கவில்லை.

எல்லைப் போராட்டத்தின் காலம் அது. திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த எங்கள் தமிழ்ப் பகுதிகளை மதராஸ் ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்று ஊருக்கு ஊர் கூட்டம் நடந்தது. எங்கள் ஊர்க் கமிட்டிக்கு என் அப்பா தலைவர். நான் பாறசாலையில் ஒரு பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். நான் சொல்லப்போகும் கூட்டம் 1954இல், ஆகஸ்டில் தெற்கே துப்பாக்கிச் சூடு நடப்பதற்கு முந்தைய கோடையில் நடந்தது. நாளைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. பள்ளி விடுமுறை, வயல் அறுத்துக் கிடந்தது, சக்கைப்பழ வாசம் எங்கும் இருந்தது. இவ்வளவுதான் என்னால் உறுதி சொல்ல முடியும்.

என் அக்கா செல்லம்மைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பட்டாளத்தாரின் தங்கை மகன் கேசவன். திருவனந்தபுரத்தில் மின்சாமான்கள் விற்கும் கடையில் வேலை. கூட்டத்துக்கு மாமனின் செட்டைக் கொண்டுவந்து இயக்கியது அவன்தான். பட்டாளத்தார் அன்று ஒரு கல்யாணத்துக்கு இன்னொரு செட்டோடு நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தார்.

சாயங்காலம், வெயில் தாழ்ந்த நேரம். அறுத்த வயலில் ஜனம் உட்கார்ந்திருந்தது. அந்த வாரம் காலமான ஊர்ப் பெரியவர் ஒருவருக்காக எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காக்கவேண்டும் என்று அப்பா மைக்கில் கேட்டுக்கொண்டார். எழுந்து நின்றோம். குருவிச் சத்தம்கூட இல்லை. அப்போது தென்னைமரத்துக் குழாயிலிருந்து, மெல்லியதாக, ஆனால் தெளிவாக, ஒரு பெண்ணின் குரல் மலையாளத்தில் வந்தது. கொப்பரை என்ன விலை, குருமுளகு என்ன விலை, சுக்கு என்ன விலை என்று அது வாசித்துக்கொண்டே போயிற்று. திருவனந்தபுரம் வானொலியின் சந்தை நிலவரம்.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. கேசவன் பதறிப்போய்ச் செட்டை அணைத்தான். அதுதான் அவனுக்கு வினையானது. சரியாக எதை அணைக்கவேண்டும் என்று தெரிந்தவன்தானே அதைப் போட்டவனும் என்றார்கள். திருவனந்தபுரத்தில் வேலை, மலையாளத்துச் சிநேகிதர்கள், மைக் செட்டுக்குள் ரேடியோவை ஒளித்துக் கூட்டத்தைக் கேலிக்கூத்தாக்க யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள் என்று இருட்டுவதற்குள் கதை முழுசாகிவிட்டது. ஒருவன் அவன் சட்டையைப் பிடித்தான்.

"எலே, காட்டிக்குடுக்க வந்தியாலே?"

மறுநாள் காலையில் அதே வயலில், அதே மரத்தில், அதே செட்டைக் கமிட்டிக்காரர்களே போட்டுப் பார்த்தார்கள். ஒரு குரலும் வரவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ரேடியோ ஒன்றும் இல்லை. செட்டில் குறை இல்லை என்றால் குறை ஆளிடத்தில்தான் என்று முடிவாயிற்று. அப்பா கல்யாணத்தை நிறுத்தினார். "எல்லைக்காகப் பேசுறவன் வீட்டுக்குள்ள இப்பிடி ஒருத்தனை எடுக்கப்பிடாது" என்றார். அக்கா உள்ளே போய் அரிசி புடைக்க ஆரம்பித்தாள். புடைத்த அரிசியையே மறுபடியும் புடைத்தாள்.

பட்டாளத்தார் செட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெஞ்சில் வைத்தார். ஒழுங்காக வேலை செய்தது. தட்டினார், சூடாக்கினார், நனைத்தார், வண்டியில் ஏற்றினார். நனைந்தபோதும் குலுங்கியபோதும் அது நல்ல பிள்ளையாகவே இருந்தது. சாயங்காலம் சந்தை நிலவரம் வாசிக்கும் நேரமாகப் பார்த்து, முற்றத்துத் தென்னைகளுக்கிடையே நீளமாக வயர் கட்டி உட்கார்ந்திருப்பார். ஒன்றும் வராது.

நாள் செல்லச் செல்ல ஊர் ஆறியது. வேறு கூட்டங்கள், வேறு சண்டைகள் வந்தன. அப்பாவுக்கும் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பட்டாளத்தார் வீட்டுக்குப் போனார். அவர் அப்படி இறங்கிப் போவது பெரிய காரியம்.

"ஓய், போனது போகட்டு. ஊரு மறந்துபோச்சு. ஆவணியில கல்யாணத்தை வச்சுக்கிடலாம். இனி அந்தப் பேச்சே எடுக்கவேண்டாம்" என்றார்.

எனக்கு நெஞ்சு லேசாயிற்று. பட்டாளத்தார் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"என்ன வேண்டாம்?"

"இப்பிடி ஒரு கல்யாணம் வேண்டாம். நீரு மறந்தீரா, சும்மா இருக்கீராண்ணு எனக்குத் தெரியாது. உமக்கும் தெரியாது. நாளைக்கு உப்புக்குப் புளிக்கு ஒரு சண்டை வரும். அப்பம் அந்த வார்த்தை வரும். காட்டிக்குடுத்தவன்ணு. அதை அவன் காலத்துக்கும் கேக்கணுமா? கொறை எங்கண்ணு கண்டுபிடிக்காம நான் என் மருமகனைத் தரமாட்டேன்."

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "பெண்ணு என்னுது. இறங்கி வந்தது நான். பிகு உமக்கா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா முதல்முறையாகக் கோபப்பட்டாள். அப்பாவின் மேல் அல்ல. "அந்த மனுசனுக்குப் பயித்தியமாக்கும். கைக்கு வந்ததைத் தட்டிவிட்டாரே! கெட்டுப்போன செட்டுக்குத்தான் அவரு வேணும். எனக்கு எதுக்கு?" என்றாள். எனக்கும் அன்று அவர்மேல் வெறுப்பாகத்தான் இருந்தது. நல்லதை நல்லது என்று எடுத்துக்கொள்ளத் தெரியாத மனிதனோடு எப்படிப் பழகுவது?

இரண்டாம் நாள் அவர் வீடுவீடாக ஏறி இறங்கினார். கூட்டத்துக்கு வந்த எல்லாரும் அதே வயலுக்கு, அதே நேரத்துக்கு வரவேண்டும். "அன்னைக்கு என்ன செய்தியளோ அதைச் செய்தாப் போதும். பேசினவன் பேசணும். பீடி பிடிச்சவன் பீடி பிடிக்கணும். பீடி என் செலவு." பீடிக்காகவும் வேடிக்கைக்காகவும் நிறையப்பேர் வந்தார்கள். கேசவனும் வந்தான், தலை நிமிராமல். அப்பா வரவில்லை என்று சொல்லிவிட்டு, வயலின் கடைசி வரப்பில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். அக்காவும் அம்மாவும் எங்கள் புரையிடத்து வேலியோரம் நின்றிருந்தார்கள்.

ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். "எந்தா இவிடெ? மீட்டிங்ஙோ?"

"மீட்டிங் இல்ல ஏமானே. செட்டு சோதிக்கோம். பேசுறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் பட்டாளத்தார். போலீஸ்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார்.

எல்லாம் அன்றுபோலவே செய்யப்பட்டது. அதே மரத்தில் குழாய். அதே இடத்தில் மைக். அதே இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, செட்டின் எர்த்து வயரையும் மைக் வயரின் ஒரு நுனியையும் சேர்த்து அதில் முறுக்கிக் கட்டினான் கேசவன். அன்று கொட்டாவி விட்டவன் ஒருவன், இன்றும் விடவேண்டுமா என்று கேட்டான். "விடு மக்கா, விடு" என்றார் பட்டாளத்தார் சிரிக்காமலேயே. பிறகு எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றார்கள்.

குழாய் வாயைத் திறக்கவில்லை. நின்றோம், நின்றோம். பின்வரிசையில் ஒருவன், "செத்தவருக்கு ரெண்டாவது தடவை மோட்சம் கெடச்சாச்சு, போலாமா?" என்றான். சிரிப்பு எழுந்தது. ஜனம் கலைய ஆரம்பித்தது. பட்டாளத்தார் செட்டின் பக்கத்தில் குந்தியபடி வால்வுகளின் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படித் தோற்றவராக நான் பார்த்ததில்லை. சந்தை நிலவரம் முடிய அதிக நேரமில்லை.

அப்போது வயலோரத்தில் சாயா போட்டு விற்கும் சாயக்கடைக்காரி, கூட்டத்துக்கு மேலாகக் கையைத் தூக்கி அப்பாவைப் பார்த்து விளித்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு எனக்கிட்ட உப்பு வாங்கினியளே, இன்னைக்கு வேண்டாமா?"

பட்டாளத்தார் விருட்டென்று எழுந்தார். "உப்பா? எதுக்கு உப்பு?"

எல்லாரும் வரப்பைப் பார்த்தார்கள். அப்பா குடையை மடக்கினார். மறுபடியும் விரித்தார். எங்கள் பக்கத்து மைக் செட்டுக்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. சத்தம் சரியில்லை என்றால் எர்த்து கம்பி அடித்த மண்ணில் உப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். அன்று கேசவன் குழாய் கட்ட மரத்தில் ஏறியிருந்தபோது, சத்தம் நன்றாக எடுக்கட்டுமே என்று அப்பாவே ஊற்றியிருக்கிறார். மண்ணில் மட்டும் அல்ல, கம்பியின் தலையிலிருந்தே, வயர் முடிச்சின் மேலே. இதெல்லாம் ஒரு விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் அந்த இடத்திலேயே நின்றிருக்கலாம். இல்லை, நினைவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாயக்கடைக்காரி பேச்சு தலைவர் பேச்சுக்கு முன்னால் நின்றிருக்காது. அவர் குடையை வரப்பில் குத்தி நிறுத்திவிட்டுக் கடைக்கு நடந்தார். செம்பில் உப்பைக் கலக்கி எடுத்துக்கொண்டு வயலைக் கடந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. துருப்பிடித்த கம்பியின் தலையில், களிம்பேறிய பச்சை வயர் முடிச்சின் மேல் ஊற்றினார்.

குழாய் கொஞ்சம் உறுமியது. பிறகு அந்தப் பெண்ணின் குரல் வந்தது. கொப்பரை, குருமுளகு, சுக்கு.

முதலில் வாய் திறந்தவர் போலீஸ்காரர். "அய்யோ, குருமுளகினு வில பின்னேயும் தாழ்ந்நுபோயல்லோ!" என்றார் நெஞ்சில் கை வைத்து. அவர் வீட்டில் மிளகுக்கொடி இருந்திருக்கவேண்டும். வயல் முழுக்க வெடித்துச் சிரித்தது. இத்தனை வாரமாக ஊர் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தச் சிரிப்பில் போயிற்று.

பட்டாளத்தார் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த தோர்த்துத் துண்டால் முடிச்சை அழுத்தித் துடைத்து ஊதினார். குரல் நின்றது. செம்பை வாங்கி ஊற்றினார். குரல் வந்தது. மறுபடியும் துடைத்தார்.

"போதும் ஓய், நான் ஒத்துக்கிட்டேன்" என்றார் அப்பா.

"நீரு ஒத்துக்கிட்டாப் போதாது அண்ணாச்சி. அது ஒத்துக்கிடணும்." மறுபடியும் ஊற்றினார். துருவும் களிம்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் ஆகாயத்தில் போகிற ரேடியோவை அது பிடித்துவிடும், முன்காலத்து ரேடியோவில் வால்வுக்குப் பதிலாக ஒரு கல்லை வைத்துப் பிடித்ததுபோல, மைக்கின் நீள வயர்தான் ஏரியல் என்றார். கூட்டத்துக்கு மறுநாள் வெயிலில் காய்ந்ததும் தானாகச் சரியாகிவிட்டது. வீட்டில் அவர் நனைத்தது எல்லாம் நல்ல தண்ணீர். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் அவர் பேசவில்லை. வண்டியிலிருந்து குதித்த அன்றைய முகம் இப்போதுதான் திரும்பியிருந்தது.

அப்பா மைக்கின் முன்னால் போய் நின்றார். போலீஸ்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். "பேச்சு இல்ல ஏமானே, ஒரு வார்த்தை" என்றுவிட்டு அப்பா சொன்னார்: "கேசவா, நான் ஊத்தினதாக்கும். இஞ்ச வா மக்கா." அது தென்னைமரத்துக் குழாயில், வேலியோரத்தில் நின்ற அக்காவுக்கும், அதற்கப்பால் ஓடைப் பாலம் வரைக்கும் கேட்டது.

1956 நவம்பர் ஒன்றாம் தேதி எல்லையை வகுத்தார்கள். அது எங்கள் ஊருக்குத் தெற்கே விழுந்தது. விளவங்கோடு அந்தப் பக்கம் மதராஸ் ராஜ்யத்தில், நாங்கள் இந்தப் பக்கம் கேரளத்தில். நாளாக நாளாக எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் அப்பாவிடம் வந்து சொன்னார்கள். பட்டாளத்தார் மட்டும் அதைச் சொல்லவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

ஆனால் நான் முடிக்க விரும்புவது அந்தத் தேதியில் அல்ல. 1954 ஆவணியில், அக்காவின் கல்யாணத்தன்று காலையில். துப்பாக்கிச் சூட்டின் பயம் சுற்றுவட்டாரத்தில் இன்னும் இருந்தது. வந்தவர்கள் குறைவு. பந்தலின் மூலையில் பட்டாளத்தார் செட்டை வைத்து, புதிதாகத் தீட்டிய கம்பியை அடித்து, புது வயரை முறுக்கி, ஈயத்தால் பற்றவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மண் காய்ந்து கிடந்தது. அப்பா பட்டுக்கரை வேட்டியோடு செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நனைக்கட்டா ஓய்? உப்பு இல்ல, பச்சத்தண்ணியாக்கும்."

பட்டாளத்தார் செம்பைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு விரலை உள்ளே விட்டு, நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சுவைத்தார். மணவறையில் உட்கார்ந்திருந்த அக்கா அதைப் பார்த்துவிட்டாள். மணப்பெண் அப்படிச் சிரிக்கக்கூடாது என்று அம்மா தொடையில் கிள்ளியும் அவளால் அடக்க முடியவில்லை.

"ஊத்தும் அண்ணாச்சி" என்றார் பட்டாளத்தார்.